பொங்கல் கரும்பு, வாழைத்தார், ஒரு மணல்மேடு... காவிரியைத் திருப்பிக் கொண்டுவந்த ஆர்தர் காட்டன்!

மார்கழி கடைசி வாரத்தில் திருச்சியிலிருந்து கல்லணை ரோட்டைப் பிடித்துப் போய்ப் பாருங்கள். திருவளர்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று வரிசையாக ஊர்கள். ஒரு பக்கம் வாழை, இன்னொரு பக்கம் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் செங்கரும்பு. பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நாம் சாத்தி வைக்கிற அதே கரும்புதான். சித்திரை, வைகாசியில் கரணை நட்டு, தோகை உரித்து, மண் அணைத்து, சாயாமல் கட்டிவிட்டுப் பத்து மாதம் பிள்ளை மாதிரி வளர்த்திருப்பார்கள். பெரிய பண்ணை எல்லாம் இல்லை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர், அதிலும் பல குத்தகை நிலம். வெட்டு ஆரம்பித்தால் அப்பா, அம்மா, லீவுக்கு வந்த காலேஜ் பையன் வரைக்கும் வயலில்தான். வியாபாரி வந்து வயலிலேயே விலை பேசுவார். பொங்கலுக்கு மறுநாள் அந்தக் கரும்பைச் சீண்ட ஆள் இருக்காது. பத்து மாத உழைப்புக்கு மொத்தமே நாலைந்து நாள்தான் மார்க்கெட்!

வாழைக்கும் இதே டென்ஷன்தான். தார் முற்றுகிற நேரத்தில் ஒரு காற்று அடித்தால் போச்சு. ஆனால், காற்றும் விலையும் அப்புறம். முதலில் தண்ணீர் வர வேண்டும். இந்தப் பக்கம் பலரும் இப்போது போர் போட்டிருக்கிறார்கள். அந்த போருக்கும் ஊற்று கொடுப்பது காவிரிதான். சுமார் 200 வருஷத்துக்கு முன்னால், அந்தக் காவிரியே இந்தப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டிருந்தது. அதைத் திரும்ப வர வைத்த கதையில் ஹீரோவாகச் சொல்லப்படுபவர் ஒரு வெள்ளைக்கார இளைஞர். பெயர், ஆர்தர் காட்டன்.

18 வயதில் கப்பல் ஏறியவர்

1803-ம் வருஷம் மே 15-ம் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். வீட்டில் 11 ஆண் பிள்ளைகள், இவர் 10-வது. 15 வயதில், கிழக்கிந்திய கம்பெனி தன் ராணுவத்துக்கு ஆள் தயார் செய்துகொண்டிருந்த அடிஸ்கோம்ப் பள்ளியில் சேர்ந்தார். 1821-ல் மதராஸில் வந்து இறங்கும்போது வயது 18. நம்மில் பலர் கவுன்சலிங் ஹாலில் எந்த காலேஜ் எடுப்பது என்று முழித்துக்கொண்டிருந்த வயசு!

கொஞ்ச நாளிலேயே ஏரி, குளங்களைப் பராமரிக்கும் துறையில் உதவிப் பொறியாளர் வேலை. கோயம்புத்தூர், மதுரை, திருச்சி, தஞ்சாவூர், திருநெல்வேலி என்று தெற்கு முழுக்கச் சுற்றும் வேலை அது. நடுவில் பர்மா போருக்கும் போய் வந்தார். 1829-ல் காவிரிப் பகுதிக்குச் சிறப்பு அதிகாரியாகப் போட்டார்கள். அப்போது அவருக்கு 26 வயது.

அப்படி என்னதான் பிரச்னை?

முக்கொம்பு தெரியும்தானே? திருச்சிக்கு மேற்கே, காவிரி இரண்டாகப் பிரிகிற இடம். வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே வருவது காவிரி. நடுவில் தீவாக ஸ்ரீரங்கம். கிழக்கே கல்லணை பக்கத்தில் இரண்டு ஆறும் மறுபடியும் கிட்டத்தட்ட தொட்டுக்கொள்ளும் தூரத்துக்கு வந்து, பிறகு விலகிப் போகும். திருச்சிக்காரர்களுக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரிந்த மேப்.

மேப்பில் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, சரிவும் அதிகம். தண்ணீருக்கு ஊர் பாசம், வயல் பாசம் எல்லாம் கிடையாதே... பள்ளத்தைப் பார்த்தால் ஓடிவிடும். வெள்ளம் வரும்போதெல்லாம் பெரும்பங்கு கொள்ளிடத்துக்குள் பாய்ந்து கடலுக்குப் போய்விடும். வேகம் குறைந்த காவிரியோ, சுமந்து வந்த மணலை வழியிலேயே இறக்கிவைத்துவிடும். மணல் சேரச் சேர காவிரியின் படுகை உயரும். உயர உயர, தண்ணீர் இன்னும் குறையும். அதனால் இன்னும் மணல் சேரும். ஒரு தடவை மாட்டினால் வெளியே வர முடியாத சுழல் இது. இப்படியே விட்டால் தஞ்சாவூர் டெல்டாவுக்கே தண்ணீர் இல்லாமல் போய்விடும் என்ற பயம் வந்தது.

1804-லேயே கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளரை ஆய்வு செய்ய அனுப்பியிருந்தார்கள். (இலக்கணம் எழுதிய கால்டுவெல் இல்லைங்க, இவர் வேற.) கல்லணையின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். தீரவில்லை. உயரத்தைக் கூட்டினால் மணலும் கூடத்தானே செய்யும்?

காட்டன் வேறு மாதிரி யோசித்தார். கல்லணையில் மணல் வெளியேற வழி வைக்க வேண்டும் என்று முடிவெடுத்து, அணையைப் பகுதி பகுதியாகப் பிரித்து மணல்போக்கிகள் அமைத்தார். கிட்டத்தட்ட 2,000 வருஷப் பழைய அணையில் கைவைப்பதென்றால் சும்மாவா! எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இதுதான். ஏனென்றால், அணைக்குள் வேலை செய்யப் போனபோதுதான் அதன் அடித்தளம் அவருக்குப் புரிந்தது.

அந்தக் காலத்து ஐரோப்பியப் பொறியாளர்களுக்கு ஒரு பெரிய கட்டடம் என்றால், கடினமான தரை கிடைக்கும் வரை தோண்டி அஸ்திவாரம் போட வேண்டும். காவிரியில் தோண்டினால் மணல்தான், மணலுக்குக் கீழேயும் மணல்தான். கரிகாலன் கட்டியதாக நாம் சொல்லும் கல்லணை அந்த மணலின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பெரிய பெரிய கற்களை ஆற்றில் இறக்கி, அவை தானாகப் புதைந்து அமர விட்டு, அதன் மேல் அடுத்த அடுக்கு. இடையில் பூச்சாகக் களிமண். அவ்வளவுதான் டெக்னிக். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடுவது எப்படி என்பதைத் தாங்கள் இந்த ஊர்க்காரர்களிடம்தான் கற்றுக்கொண்டோம் என்று பிற்காலத்தில் அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வெள்ளைக்காரர்கள் நமக்குச் சொல்லிக்கொடுக்க வந்ததாகவே எழுதிவைத்த காலத்தில், ஒரு கம்பெனி அதிகாரி இதைச் சொன்னது சாதாரணமில்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் யார், யார் பெயர் என்ன... வரலாற்றில் ஒரு பெயர்கூட இல்லை. அந்த அணைகளுக்குக் கல் தூக்கியவர்கள் கதையும் அதேதான்.

முக்கொம்பில் ஒரு தடுப்பு

அவர் போட்ட திட்டம் கேட்பதற்குச் சிம்பிள். பிரிகிற இடத்திலேயே, கொள்ளிடத்தின் குறுக்கே உயரம் குறைவான ஓர் அணை. சாதாரண நாளில் தண்ணீர் காவிரி பக்கம் திரும்பும். பெருவெள்ளம் வந்தால் அணைக்கு மேலே வழிந்து கொள்ளிடத்துக்குப் போய்விடும். அடியில் மணல் தள்ள மதகுகள். உறைக்கிணறு இறக்குவது நம் ஊர் ஆட்களுக்குக் கைவந்த கலை. அந்த மாதிரி கிணறுகளை ஆற்று மணலில் இறக்கி, நிரப்பி, அவற்றின் மேல் சுவரை எழுப்பினார்கள். ஆறு வற்றியிருக்கும் கோடை மாதங்களுக்குள் வேலையை முடித்தாக வேண்டும். அடுத்த வெள்ளம் யாருக்காகவும் காத்திருக்காது.

1836-ல் மேலணை எழுந்தது. கீழே, அணைக்கரையில் கீழணையும் எழுந்தது. காட்டனுக்கு அப்போது 33 வயது.

அத்தோடு சுபம் போட்டுவிட முடியவில்லை. மேலணை எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வேலை செய்துவிட்டது! காவிரிக்குள் தண்ணீர் தேவைக்கு மேல் பாய்ந்து, படுகையை அரிக்க ஆரம்பித்தது. இதுவரை தண்ணீர் வரவில்லையே என்று தவித்தவர்கள், இப்போது கரை தாங்குமா என்று பயப்பட வேண்டிய நிலை. 1840-களில் மேலணையின் ஒரு பகுதியின் உயரத்தைக் குறைத்தார்கள். காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பு கட்டினார்கள். ஆற்றின் ஒரு கையைப் பிடித்தால் இன்னொரு கை இழுக்கும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது.

பழைய அணையில் பிற்காலத்தில் இரும்புக் கதவுகள் வந்தன. அதன் கதை 2018-ல் செய்தியாகவே வந்தது, ஞாபகம் இருக்கலாம். அந்த வருஷம் ஆகஸ்ட் 22-ம் தேதி இரவு, கொள்ளிடத்தில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தபோது 45 கதவுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன. மேட்டூர் நிரம்பி வழிந்த வருஷத்தில், பாசனத்துக்குத் தண்ணீர் நிற்குமா என்று டெல்டா முழுக்கப் பதற்றம். மணல் மூட்டை, பாறாங்கல் எல்லாம் போட்டு அடைத்தார்கள். பிறகு பக்கத்திலேயே சுமார் 387 கோடி ரூபாயில் புதிய கதவணை கட்டப்பட்டது. முக்கொம்பு பார்க்குக்கு செல்ஃபி எடுக்கப் போகிறவர்கள், அப்படியே பழைய அணையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கம்பெனி இந்த அணைகளுக்குப் பணம் கொடுத்தது விவசாயிகள் மேல் இருந்த பாசத்தால் இல்லை. வயல் விளைந்தால்தான் நிலவரி வரும். தஞ்சாவூர் வரி கம்பெனிக்குப் பெரிய வருமானம். காட்டன் தன் மேலிடத்தைச் சம்மதிக்க வைத்ததும் பெரும்பாலும் இந்தக் கணக்கைக் காட்டித்தான். போட்ட காசு வரியாகத் திரும்பி வரும் என்று பக்கம் பக்கமாக எழுதினார். அவர் உண்மையிலேயே பஞ்சத்தைப் பார்த்துக் கலங்கியவர் என்பதை நம்புகிறேன். ஆனால், அவரை வேலைக்கு வைத்திருந்தவர்களைப் பற்றி அப்படி நினைக்கத் தேவையில்லை.

கோதாவரிக்காரர்களின் 'காட்டன் தொர'

அடுத்த வேலைகள் வேகமானவை. செங்குன்றத்திலிருந்து கல் கொண்டுவர மதராஸில் 1837-ல் ஓடிய ரயில்தான் இந்தியாவின் முதல் ரயில் என்கிறார்கள். அதன் பின்னாலும் இவர்தான் இருந்தார். உடம்பு கெட்டு, ஓய்வுக்காக ஆஸ்திரேலியா பக்கம் போனவர், 1841-ல் டாஸ்மேனியாவில் எலிசபெத் லியர்மந்த்தைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த வருஷம் மகள் பிறந்தாள்.

திரும்பி வந்ததும் கோதாவரி. 1830-களின் குண்டூர் பஞ்சம் அழித்துப்போட்டிருந்த பகுதி அது. கல்லணையில் படித்த பாடத்தை வைத்து, தவளேஸ்வரத்தில் 1847-ல் தொடங்கி 1852-ல் அணையை முடித்தார். அங்கே இன்றும் ஊருக்கு ஊர் அவருக்குச் சிலை இருக்கிறது, மே 15-ல் மாலை போடுகிறார்கள். அணைக்கே அவர் பெயர்தான். அவர் கற்றுக்கொண்ட திருச்சியிலோ, ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் கூடுகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? ஒருவேளை நமக்குக் கரிகாலனே போதும் என்று இருக்கலாம். அதுவும் நியாயம்தான்.

1861-ல் சர் பட்டம். ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. ரயிலுக்குக் கொட்டுகிற பணத்தைக் கால்வாய்க்குக் கொடுங்கள், நதிகளை இணைத்துப் படகு விடுங்கள் என்று லண்டனில் விடாமல் வாதாடினார். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்த பிறகு, நாடாளுமன்றக் குழு அவர் திட்டங்களை விசாரித்தது. ஏற்றுக்கொள்ளவில்லை.

கடைசிக் காலம் லண்டனுக்குத் தெற்கே டார்க்கிங் என்ற ஊரில். 80 வயதைத் தாண்டிய பிறகு அவர் பிடித்துக்கொண்ட வேலை, விவசாயம்! வீட்டுத் தோட்டத்திலேயே கோதுமை போட்டு, மண்ணை ஆழமாகக் கிளறிவிட்டால் விளைச்சல் எவ்வளவு கூடும் என்று பரிசோதித்துக்கொண்டிருந்தார். அணைகளால் ஜில்லா ஜில்லாவாக வயல்களுக்குத் தண்ணீர் திருப்பியவர், கொல்லைப்புறத்துக் கோதுமையின் அறுவடைக்காகக் காத்திருந்தார். 1899 ஜூலை 24-ம் தேதி, 96 வயதில் இறந்தார். டாஸ்மேனியாவில் பிறந்த அந்த மகள், பிற்காலத்தில் லேடி ஹோப் என்று அறியப்பட்டவர், அடுத்த வருஷமே அப்பாவின் வாழ்க்கையைப் புத்தகமாகக் கொண்டுவந்தார்.