பொருளியலையும் சட்டத்தையும் இணைத்த அம்பேத்கர்

அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவராகவே டாக்டர் அம்பேத்கரைப் பலரும் அறிவர். ஆனால், வழக்கறிஞர் அங்கி அணிவதற்கு முன்பே அவர் முறையாகப் பயிற்சி பெற்ற பொருளியல் அறிஞர். அவர் கொண்டுவந்த சட்டங்கள் சிலவற்றில் அந்தப் பயிற்சியின் தடத்தைக் காணலாம்.

1891 ஏப்ரல் 14-ம் தேதி மத்திய இந்தியாவின் மாவ் நகரில் பிறந்த அவர், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையில் 1913-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1916-ல் லண்டன் சென்று, பொருளியல் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக் கல்வி நிலையத்திலும் ஒரே நேரத்தில் பயின்றார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் மறு ஆண்டே படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. பரோடா அரசுப் பணியில் சேர்ந்தபோது, சாதியின் பெயரால் தங்குவதற்கே இடம் மறுக்கப்பட்டது.

பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிச் சேமித்த தொகை, கோலாப்பூர் மன்னர் மற்றும் நண்பரின் உதவி ஆகியவற்றுடன் 1920-ல் அவர் மீண்டும் லண்டன் சென்றார். பாரிஸ்டர் தகுதியும், பொருளியலில் டி.எஸ்சி. பட்டமும் பெற்றார். ரூபாய் குறித்த அவரது ஆய்வு 1923-ல் நூலாக வெளிவந்தது. ரூபாயின் உள்நாட்டு வாங்கும் சக்தி நிலையாக இருக்க வேண்டும் என்பதில் அவர் கவனம் செலுத்தினார். இந்திய நாணயம் குறித்து விசாரித்த ஹில்டன் யங் ஆணையத்தின் முன்பும் சாட்சியம் அளித்தார்.

பம்பாயில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கியபோது சாதித் தடை அங்கும் தொடர்ந்தது. வருமானத்துக்காகக் கணக்கியல் பயிற்சி நிறுவனம் ஒன்றில் வணிகச் சட்டம் கற்பித்தார். மஹாட் குளத்தில் நீர் எடுக்கும் உரிமைக்காக 1927-ல் அவர் நடத்திய போராட்டம் நீதிமன்றத்துக்குச் சென்றது. தீண்டத்தகாதோரை விலக்கும் தொன்மையான வழக்கம் இருந்ததாக எதிர்த்தரப்பு வாதிட்டது. அது நிரூபிக்கப்படவில்லை என்று 1937-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே ஆண்டில், கொங்கண் உழவர்களை வாட்டிய கோட்டி எனும் இடைத்தரகர் நிலமுறையை ஒழிப்பதற்கான மசோதாவைப் பம்பாய் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்தார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தார். ஆண்டு முழுவதும் இயங்கும் தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை நேர வரம்பை 48 ஆகக் குறைக்கும் சட்டத் திருத்தம் அக்காலத்தில் நிறைவேறியது.

மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் இடையிலான நிதி உறவு, அவரது கொலம்பியா ஆய்வின் பொருளாக இருந்தது. அவர் தலைமையிலான குழு வரைந்த அரசியலமைப்பின் 280-வது பிரிவு, மத்திய, மாநில அரசுகளிடையே வரி வருவாயைப் பகிர்வது குறித்துப் பரிந்துரைக்க நிதிக் குழு அமைக்க வகை செய்கிறது. 1956 டிசம்பர் 6-ம் தேதி அம்பேத்கர் காலமானார். அந்தப் பிரிவின் கீழ் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை நிதிக் குழு அமைக்கப்பட்டு வருகிறது.