சங்கிலி இல்லாத மருத்துவமனை: டாக்டர் வித்யாசாகர்

வித்யாசாகர் என்றதும் வங்காளத்து ஈசுவர சந்திர வித்யாசாகர்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். நாம் சொல்ல வருவது அவரையல்ல. 1950களில் பஞ்சாபின் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையை நடத்திய டாக்டர் வித்யாசாகரை.

பிரிவினையின் காயம் ஆறாத இடம் அது. 1950இல் இரு நாடுகளும் மனநோயாளிகளைக்கூட மதம் பார்த்துப் பங்கிட்டுக்கொண்டன. லாகூரிலிருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் அமிர்தசரஸுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இங்கிருந்த முஸ்லிம் நோயாளிகள் பாகிஸ்தானுக்கு அனுப்பப்பட்டார்கள். சஆதத் ஹசன் மண்ட்டோவின் 'டோபா டேக் சிங்' சிறுகதையைப் படித்தவர்களுக்கு அந்த அவலம் தெரியும்.

நாட்டின் நிலையும் மோசம். 1946இல் அறிக்கை தந்த சர் ஜோசப் போர் தலைமையிலான சுகாதாரக் குழுவின் கணக்குப்படி, 40 கோடி மக்களுக்கு இருந்த மனநோய்ப் படுக்கைகள் ஏறத்தாழ 10,000. அதாவது 40,000 பேருக்கு ஒன்று. மருத்துவர், செவிலியர் பற்றாக்குறை அதைவிடப் பெரிது.

ஆள் அனுப்புங்கள் என்று அரசுக்கு எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். வித்யாசாகர் தம் மக்களிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தார். குடும்பம் இருந்தது. மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளியோடு உறவினர்களையும் தங்கவைத்தார். இது என்ன நோய், எப்படிப் பேச வேண்டும், எப்படிக் கவனிக்க வேண்டும் என்று அவர்களைக் கூட்டிவைத்து விளக்கினார். பயந்து ஒதுங்கிய தாயும் அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து சோறூட்டினார்கள். நோயாளிகள் விரைவில் வீடு திரும்பினார்கள். கற்றுக்கொண்டு போன குடும்பங்கள் ஊரில் மற்றவர்களுக்கும் சொல்லின. சம்பளமில்லா வேலையாட்களைப் பிடித்தார் என்று சிலர் குறை சொல்லக்கூடும். அது நியாயமில்லை, பாரத்தைக் குடும்பத்தின் தலையில் இறக்கிவிட்டு அவர் நகர்ந்துகொள்ளவில்லை.

நம் சமுதாயம் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்தார்கள். எல்லா மதத்தாரும் தேடி வந்த ஊர் அது. அங்கே விட்டுச்சென்ற எல்லாரையும் கல்நெஞ்சர்கள் என்று நாம் சொல்லமாட்டோம். நோயைப் பற்றி எடுத்துச் சொல்லவும் மருந்து தரவும் அவர்களுடைய ஊரில் ஆளில்லை என்பதே பெரிய காரணம். ஆனால் மனநோயாளியைக் கட்டிவைப்பதற்கு மார்க்கத்தில் இடமிருப்பதாக யாரும் சொன்னால் அதை ஏற்க முடியாது.

உறவினர் உடனிருக்கும் முறை தமிழ்நாட்டிலும் பழையதுதான். வேலூர் சி.எம்.சி. 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குகிறார்கள். 1982இல் வந்த தேசிய மனநலத் திட்டம், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கே பயிற்சி தந்து, ஊருக்குள் சிகிச்சையைக் கொண்டுவர நினைத்தது. 1996இல் அது மாவட்டத் திட்டமாயிற்று. சேதராப்பட்டில் இருக்கும் நமக்குக் கோரிமேடு ஜிப்மரின் மனநலப் பிரிவு அதிக தூரமில்லை.

கூடாரங்கள் நின்ற அமிர்தசரஸ் மருத்துவமனைக்கு இன்று டாக்டர் வித்யாசாகர் மனநல நிறுவனம் என்று பெயர்.