ஓவியர் ஹிரோஷிகே

சென்னையிலிருந்து தாம்பரம் வழியாகத் தெற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் நாள்தோறும் எண்ணற்ற மக்கள் செல்கின்றனர். வழியிலுள்ள தேநீர்க் கடைகளில் அமர்ந்து இளைப்பாறுகின்றனர். இக்காட்சியை ஓவியமாகத் தீட்டலாம் என்று நம்மில் எத்துணைப் பேர் எண்ணுவர்? ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே இத்தகைய சாலை ஒன்றை வரைந்தே பெரும்புகழ் எய்தினார்.

அவர் 1797 ஆம் ஆண்டில் எடோ நகரில் பிறந்தார். இன்றைய டோக்கியோவே அந்நாளைய எடோ. அவர்தம் தந்தையார் தீயணைப்புப் பணியாளர். மரவீடுகள் செறிந்த அந்நகரில் அப்பணி பொறுப்பு மிக்கது, ஊதியமோ சிறிது. 1809 இல் தாயும் தந்தையும் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். பன்னிரண்டு வயதுச் சிறுவன் தந்தையின் பணியை ஏற்றான். ஆயினும் ஓவிய வேட்கை தணியவில்லை. தொயோஹிரோ என்னும் ஆசிரியரை அடைந்து கலை பயின்றான்.

அக்காலத்து ஓவியங்கள் மரப்பலகைகளால் அச்சிடப்பட்டன. ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து தருவார். செதுக்குவோர் அத்தாளைச் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டிக் கோடுகள் மட்டும் மேலெழுந்து நிற்குமாறு செதுக்குவர். அதில் மூல ஓவியம் அழிந்தே போகும். பின்னர் ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனிப்பலகை அமைத்து அச்சிடுவர். செதுக்கியவர், அச்சிட்டவர் பெயர்களைப் பெரும்பாலும் நாம் அறியோம். ஒரு படத்தின் விலை தெருக்கடையில் உண்ணும் எளிய உணவின் விலையை ஒத்திருந்தது. ஆதலின் எளியோரும் வாங்கி மகிழ்ந்தனர்.

எடோவிலிருந்து கியோத்தோ வரை ஏறக்குறைய 500 கிலோமீட்டர் நீண்டது தொக்கைதோ என்னும் சாலை. அதன் ஐம்பத்து மூன்று தங்கிடங்களை ஹிரோஷிகே 1833 அளவில் படங்களாக வெளியிடலானார். மரிகோ என்னும் ஊரின் படத்தைக் காண்க. கூரைவேய்ந்த சிறுகடை; அருகே பூத்த மரம். இருவர் அமர்ந்து அவ்வூரின் பெயர்பெற்ற கிழங்குக் கூழை உண்கின்றனர். முதுகில் குழந்தையைச் சுமந்த பெண்ணொருத்தி பணிபுரிகிறாள். மினாகுச்சி என்னும் ஊரின் படத்திலோ பெண்கள் சுரைக்காயை நீளநீளமாகச் சீவி வெயிலில் தொங்கவிடுகின்றனர். நம் வீட்டு மாடிகளில் வடகமும் மோர்மிளகாயும் காயும் கோடைக்காலம் நம் நினைவுக்கு வராமற் போகாது. மன்னரும் மறவரும் அவ்விரு படங்களில் இல்லை. அடுப்படி வேலையே அவற்றின் பொருள்.

1855 இல் நிலநடுக்கம் எடோவைச் சிதைத்தது. அடுத்த ஆண்டு, முதுமையுற்ற ஹிரோஷிகே அந்நகரின் காட்சிகளை வரையத் தொடங்கினார். நூற்றுக்கு மேற்பட்ட அப்படங்கள் பின்னர்ப் பருவ முறைப்படி தொகுக்கப்பட்டன. சிறுவர் விழாவில் காற்றில் நீந்தும் கெண்டைமீன் கொடிகளும், மற்றொரு விழாவில் கூரைகளுக்கு மேல் உயர்ந்த மூங்கிற் கொம்புகளில் ஆடும் வண்ணத்தாள்களும் அவற்றில் உண்டு. இடிந்த நகரை அவர் பெரிதும் வரைந்தாரல்லர். மக்கள் மீண்டும் கொண்டாடும் நகரையே வரைந்தார்.

1858 இல் வாந்திபேதி எடோவில் பரவியபோது அவரும் மறைந்தார். பொருட்செல்வம் அவர் சேர்த்ததில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, பாரிசில் வாழ்ந்த வின்சென்ட் வான் கோ என்னும் ஓவியர் அவருடைய படங்கள் இரண்டை எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தார். அவற்றுள் ஒன்று, திடீர் மழையில் பாலத்தின்மேல் குனிந்து விரையும் வழிப்போக்கரைக் காட்டுவது.