முடிவிலியை அளந்தவர்

எண்களுக்கு முடிவில்லை என்று கூறி அறிஞர் பலரும் அமைதியடைந்த இடத்தில், அமைதியடையாதவர் ஜார்ஜ் கேண்டர். 1845ஆம் ஆண்டு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்த அவர், 1856இல் குடும்பத்துடன் ஜெர்மனியில் குடியேறினார். மகனைப் பொறியாளராக்க விரும்பிய தந்தை, பின்னர் அவர் கணிதம் பயில இசைந்தார். பெர்லின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற கேண்டர், ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

பந்தியில் இலைக்கு ஒருவராக அமர்ந்தபின் இலையும் ஆளும் மிஞ்சவில்லையெனில், எண்ணிப் பாராமலே இரண்டும் சமம் எனலாம். இவ்வெளிய முறையையே கேண்டர் முடிவிலிக்கும் பயன்படுத்தினார். 1க்கு 2, 2க்கு 4, 3க்கு 6 என இணைத்துச் சென்றால், இயல் எண்கள் அனைத்திற்கும் ஓர் இரட்டை எண் துணையாகும், எதுவும் மிஞ்சாது. பகுதி முழுமைக்குச் சமமாகிவிடுகிறது! பின்னங்களும் இவ்வாறே இணைந்தன. ஆனால், மெய்யெண்கள் இணங்கவில்லை. அவை இயல் எண்களினும் மிகுதியானவை என்று 1874இல் அவர் நிறுவினார்.

1891இல் அவர் தந்த மற்றொரு நிறுவல் இன்னும் அழகியது. முடிவிலாத் தசம எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பட்டியலிட்டதாகக் கொள்வோம். முதல் எண்ணின் முதல் இலக்கத்தையும், இரண்டாம் எண்ணின் இரண்டாம் இலக்கத்தையும், இவ்வாறே தொடர்ந்து ஒவ்வோர் இலக்கத்தையும் மாற்றி ஓர் எண் அமைத்தால், அது பட்டியலிலுள்ள எந்த எண்ணாகவும் இராது. எத்தனை நீண்ட பட்டியலும் தோற்கும். ஆகவே, முடிவிலிகளுள்ளும் சிறியது, பெரியது உண்டு.

இக்கருத்தை அவருடைய ஆசிரியர்களுள் ஒருவரான குரோனெக்கரே கடுமையாக எதிர்த்தார். முழு எண்களிலிருந்து, முடிவுள்ள படிகளால் பெறப்படுவதே கணிதம் என்பது அவர் கொள்கை. அதனைப் பிடிவாதம் என்று தள்ளிவிட இயலாது. முடிவிலியை முழுமையான பொருளாகக் கையாள அக்காலக் கணித அறிஞர் பலரும் தயங்கினர். எனினும், கேண்டர் விரும்பிய பெர்லின் பேராசிரியர் பதவி அவருக்குக் கிட்டவேயில்லை. 1884இல் அவரை மனநோய் பற்றியது. வாழ்நாள் இறுதிவரை அது மீண்டும் மீண்டும் வந்தது.

இயல் எண்களின் முடிவிலிக்கும் மெய்யெண்களின் முடிவிலிக்கும் இடைப்பட்ட அளவுடைய முடிவிலி உண்டா? இல்லை என்று கேண்டர் நம்பினார், நிறுவ முடியவில்லை. 1900இல் பாரிஸ் மாநாட்டையொட்டித் தீர்வு காணவேண்டிய கணக்குகளைத் தொகுத்த ஹில்பர்ட், இவ்வினாவையே முதலாவதாக வைத்தார். 1904இல் இலண்டன் ராயல் கழகம் சில்வெஸ்டர் பதக்கம் வழங்கிக் கேண்டரைச் சிறப்பித்தது. முதல் உலகப்போரின் வறுமைக்கிடையே, 1918 ஜனவரி 6 அன்று ஹாலே மனநல மருத்துவமனையில் அவர் காலமானார்.

வழக்கிலுள்ள அடிப்படைக் கோள்களைக் கொண்டு அவர் நம்பிக்கையைப் பொய்யென நிறுவ இயலாது எனக் கோடல் 1940இல் வெளியிட்ட நூலில் காட்டினார்; மெய்யெனவும் நிறுவ இயலாது எனக் கோஹென் 1963இல் காட்டினார்.