தாய்மார் பேச்சைக் காதில் வாங்கிய கண் டாக்டர்

அம்மை ஊசி என்றால் நமக்கு எட்வர்டு ஜென்னர் ஞாபகம்தான் வரும். நான் இங்கே எழுதப் போவது ஊசி எதுவும் கண்டுபிடிக்காத ஒரு டாக்டரைப் பற்றி. பெயர் நார்மன் கிரெக். டாக்டருக்குப் படிப்பவர்களுக்கு இவரை நன்றாகத் தெரியும்.

இவர் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில் 1892 மார்ச் 7 அன்று பிறந்தார். படிப்பில் மட்டும் இல்லை, கிரிக்கெட், டென்னிசிலும் கெட்டிக்காரர். 1915-இல் மருத்துவப் படிப்பை முடித்ததும் முதல் உலகப் போருக்குப் போய்விட்டார். பிரான்சு போர்முனையில் வீரர்களுக்கு வைத்தியம் பார்த்து வீரப்பதக்கம் வாங்கினார். போர் முடிந்ததும் இங்கிலாந்தில் கண் வைத்தியம் கற்று, ஊர் திரும்பி, குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் ஆனார்.

1941-ஆம் வருஷம் அவரிடம் வந்த கைக்குழந்தைகள் பலருக்குக் கண்ணின் கருமணி வெள்ளையாக இருந்தது. கண்புரை! தாத்தா பாட்டிக்கு வருகிற கண்புரை பிறந்த குழந்தைக்கு எப்படி வரும்? பரம்பரை நோய் என்றுதான் அந்தக் காலத்து டாக்டர்கள் சொல்வார்கள். ஆனால் ஒருவருக்கொருவர் சொந்தமே இல்லாத இத்தனை குடும்பத்தில் ஒரே சமயத்தில் பரம்பரை நோய் வருமா?

வெளியே காத்திருந்த தாய்மார்கள், மாசமாக இருந்தபோது தங்களுக்கு ஜெர்மன் தட்டம்மை வந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது என்று சொல்கிறார்கள். வேறு ஒருவராக இருந்தால் பெண்கள் ஏதோ ஊர்க்கதை பேசுகிறார்கள் என்று விட்டிருப்பார். இவர் விடவில்லை. ஒவ்வொரு தாயிடமும் விசாரித்தார். மற்ற டாக்டர்களிடமும் கேட்டார். மொத்தம் 78 குழந்தைகள். அதில் 68 பேரின் அம்மாவுக்கு அந்த அம்மை வந்திருந்தது, அதுவும் பெரும்பாலும் கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில்! நிறைய குழந்தைகளுக்கு இதயத்திலும் கோளாறு இருந்தது.

இந்த அம்மைக்கு இன்னொரு பெயர் ரூபெல்லா. லேசான காய்ச்சல், சிவப்புத் தடிப்பு, மூன்று நாளில் போய்விடும். அதனால்தான் யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் வந்தால் வைரஸ் தாயின் ரத்தம் வழியாக நஞ்சுக்கொடிக்குப் போய், அங்கிருந்து சிசுவுக்கும் போய்விடும். கண், காது, இதயம் எல்லாம் உருவாகிற நேரம் அது. அப்போது வந்தால் நூற்றுக்கு 90 வரை சிசுவுக்கும் தொற்ற வாய்ப்பு உண்டாம். அம்மாவுக்கு மூன்று நாள், பிள்ளைக்கு ஆயுசு முழுக்க. இதைப் படித்தபோது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

1941 அக்டோபரில் மெல்போர்ன் நகரில் கண் டாக்டர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னார். வெளிநாட்டு டாக்டர்கள் சிலர் உடனே நம்பவில்லை. 1944-இல் இங்கிலாந்தின் பெரிய மருத்துவப் பத்திரிகையான லான்செட்கூட சந்தேகப்பட்டு எழுதியது. காது கேளாத குழந்தைகள் பிறந்த வருஷங்களையும் அம்மை பரவிய வருஷங்களையும் லங்காஸ்டர் என்ற கணக்கு நிபுணர் ஒப்பிட்டு, 1951-இல் கிரெக் சொன்னது சரிதான் என்று காட்டினார். 1953-இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது.

அந்த வைரஸை 1962-இல்தான் பிரித்தெடுத்தார்கள். தடுப்பூசி 1969-இல் வந்தது. கிரெக் 1966 ஜூலையிலேயே காலமாகிவிட்டார். பாவம், அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

நம் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாருக்கும் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டார்களே, அது இந்த நோய்க்குத்தான். மாசமாக இருக்கும்போது இந்த ஊசி போடக்கூடாது, அதனால்தான் சின்ன வயசிலேயே போட்டுவிடுகிறார்கள். பையன்களுக்கு எதுக்கு என்று கேட்பீர்கள். அவர்களுக்கு வந்தால் வீட்டில் மாசமாக இருக்கிற அக்காவுக்கோ அண்ணிக்கோ ஒட்டிவிடும் இல்லையா, அதுக்குத்தான்.