பூட்டிய கோவிலும் நத்தாரும்

நத்தார் நெருங்கும்போது புனித யோசப் வாஸ் அடிகளாரை நினைத்துக்கொள்வேன். 1651இல் கோவாவில் பிறந்தவர். 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலம். சில்லாலையில் தங்கினார். இரவிரவாக வீடுகளில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். 1689 நத்தார் இரவில், வழிபடக் கூடிய மக்களை ஒல்லாந்தர் சுற்றிவளைத்துப் பிடித்தனர். அடுத்த ஆண்டுகளிலும் நத்தார் நிற்கவில்லை.

தறப்பாள் கொட்டிலில் தவக்காலத்தைக் கழித்த எங்களுக்கு இது விளங்கும். கோவில் பூட்டப்படலாம், திருநாட்களைப் பூட்ட முடியாது.

பின்னர் கண்டி சென்ற அடிகளாரை அரசன் சிறைவைத்தான். 1697இல் அங்கே அம்மை பரவி ஊரே ஓடியபோது, கைவிடப்பட்ட நோயாளரைத் தேடிப்போய்ப் பராமரித்தார். அந்தப் படுக்கைகளருகிலும் அவர் கடவுளைக் கண்டார் என்றே நம்புகிறேன். 1711இல் கண்டியிலேயே இறந்தார்.