பேராசிரியர் பரணவிதானவும் பெரியகுளத்துப் பள்ளியும்

ஓர்ஸ் ஹில்லில் வாழும் என்னிடம் அயலூர் அன்பர்கள் கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் வழி கேட்பர். இராசராசப் பெரும்பள்ளிக்கு வழி கேட்போர் அரியர். திருகோணமலை நகருக்கு வடமேற்கே ஏறக்குறையப் பத்து மைலில், பெரியகுளத்தருகே உள்ள அப்பௌத்தப் பள்ளியைச் சிங்களர் வெல்கம் விகாரை என்பர். நம்மவர் நாதனார் கோயில் என்று வழங்கினர். அதனை அகழ்ந்து, அங்குள்ள சோழர் காலத்துத் தமிழ்ச் சாசனங்களை உலகறியச் செய்தவர் ஒரு சிங்கள அறிஞர். செனரத் பரணவிதான என்னும் அப்பெரியாரைத் தமிழ் மக்கள் நன்கு அறிந்திருத்தல் வேண்டும் என்பது என் எண்ணம்.

காலியை அடுத்த மெத்தாரம்பவில் 1896-ஆம் ஆண்டு பிறந்த அவர், முதலில் பள்ளி ஆசிரியராயிருந்தார். 1923-இல் தொல்பொருட் பகுதியிற் சேர்ந்தார். சாசனம் படிக்கும் பயிற்சிக்காக உதகமண்டலத்துக்கு அனுப்பப்பட்டார். இந்திய அரசாங்கத்தின் சாசன அலுவலகம் அக்காலத்தில் அங்கே இருந்தது. 1936-இல் லெய்டன் பல்கலைக்கழகத்தின் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1940 முதல் 1956 வரை தொல்பொருள் ஆணையாளராகக் கடமையாற்றினார்.

அப்பதவியில் அகழும் கடமையும் காக்கும் கடமையும் ஒருங்கே அமைந்திருந்தன. அகழ்தல் ஒருவகையில் அழித்தலே. பெயர்த்த மண்படையை மீண்டும் பெயர்த்துப் பார்த்தல் இயலாது. நூற்றாண்டுகளாக மரவேர்கள் பற்றிப் பிடித்திருந்த செங்கற்சுவர், வேரை நீக்கிய அடுத்த மாரியிலேயே சரியக்கூடும். ஆதலின், மண்வெட்டி பிடித்தவன் பக்கத்தில் சுண்ணச்சாந்து அறிந்த கொத்தனும் நிற்றல் வேண்டும். உலோகப் பொருளாயின் இரசாயன அறிஞர் வேண்டும். வெண்கலத்திற் புகுந்த உப்பு, காற்றும் ஈரமும் பட்டவுடன் மீண்டும் அரிக்கத் தொடங்கும். பெரியகுளத்தில் தமிழ் எழுத்துப் பொறித்த விளக்கொன்று அகப்பட்டது. நம் இல்லத்துப் பெண்டிர் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் அதனைப் புளியிட்டுத் தேய்த்திருப்பின், கொடையாளியின் பெயர் களிம்போடு கழிந்திருக்கும்!

சிகிரியாவிலும் இவ்வுண்மையைக் காணலாம். அங்குள்ள கண்ணாடிச் சுவரின் மெருகுச் சாந்தில் 8-ஆம் நூற்றாண்டு முதல் 10-ஆம் நூற்றாண்டு வரை வந்தோர் கீறிச் சென்ற பாடல்களுள் 685-ஐப் படித்து, 1956-இல் இரு தொகுதிகளாக அவர் வெளியிட்டார். விரற்கடையளவு சாந்து உதிர்ந்திருந்தால் ஒரு பாட்டு மறைந்திருக்கும். 1967-இல் தீயோர் அங்குள்ள ஓவியங்கள்மீது சாயம் பூசியபோது, அதனை அகற்றும் அரும்பணியில் இத்தாலிய வல்லுநர் லூசியானோ மரான்சியோடு உழைத்தவர் ராஜா டி சில்வா. பரணவிதானவின் காலத்திலேயே பகுதியிற் சேர்ந்த இரசாயன அறிஞர் அவர். பிற்காலத்தில் அவரே ஆணையாளருமானார்.

பரணவிதானவைக் குறைகாணாப் பெரியாராகக் காட்ட யான் விரும்பவில்லை. பழைய சாசனங்களின் வரிகளுக்கிடையே வேறு நுண்ணெழுத்துகள் உள்ளன என்று முதுமையிற் கூறி, அவற்றின் துணையால் இலங்கைக்கும் மலேசியாவுக்கும் உள்ள பழந்தொடர்பைப் பற்றி 1966-இல் நூலொன்றும் எழுதினார். அவ்வெழுத்துகளைப் பிற அறிஞர் காணவில்லை. அவர் மாணவர் வழியினரே மறுத்தெழுதினர். மறுத்தற்கு வழி செய்தது எது? கல் அழியாமற் காக்கப்பட்டிருந்தமையன்றோ! தாம் காத்த கற்களே தமக்கு எதிர்ச்சாட்சி சொல்ல நின்றமை, ஓர் ஆராய்ச்சியாளருக்கு இழுக்காகாது என்றே யான் கருதுகின்றேன்.

1972-ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவர் காலமானார். சோழர் காலத்துத் தமிழர் பௌத்தப் பள்ளிக்கு விளக்கும் பசுவும் ஈந்த செய்தியை, ஐயமுடையோர் இன்றும் பெரியகுளத்துக்குச் சென்று, கல்லின்மேல் ஈரத்தாள் ஒற்றி மைப்படி எடுத்து, எழுத்தெழுத்தாகத் தாமே படித்துத் தெளியலாம்.